தானே திறந்து காட்டுகிறவர்

பெரியவளே, சின்னவனே,

நம் வீட்டு வாசல் நிலையைத் தாண்டும்போது நீங்கள் இரண்டு பேரும் இன்னமும் சில நேரம் 'கீ' என்று கத்துகிறீர்கள். போன பொங்கலுக்கு வந்தபோதுகூடச் சின்னவன் கத்தினான், பெரியவள் சிரித்தாள். மருமகப் பிள்ளை என்னவென்று கேட்டதற்கு, "சின்ன வயசு விளையாட்டு" என்று சொன்னீர்கள். விளையாட்டுதான். அது எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கு மறந்துபோய்விட்டது. எனக்கு மறக்கவில்லை. அந்தச் சத்தம் காதில் விழுந்தால் எனக்கு முகம் சூடாகிவிடுகிறது. அதனால் 'கீ மாமா' என்று நீங்கள் பெயர் வைத்த மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவருடைய சொந்தப் பெயரை எழுதப் போவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் சட்டைப் பையை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றுவிடுவார்.

அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், 'கம்பெனியில் வேலை' என்று சொல்லச் சொல்லி உங்களுக்குப் பழக்கியிருந்தேன். அது பொய் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பித்தளை வால்வு செய்கிற கம்பெனி அது. ஆனால் நான் கம்பெனிக்குள் இல்லை, கேட்டில் இருந்தேன். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களை நிறுத்தி, அக்குளிலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்த்து அனுப்புவது என் வேலை. பித்தளைக்கு வெளியே நல்ல விலை இருந்தது. தடவும்போது எந்த ஆளும் என் முகத்தைப் பார்க்க மாட்டான், என் தலைக்கு மேலே ரோட்டைப் பார்ப்பான். நானும் அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன். வேர்வையில் நனைந்த சட்டைகளைத் தடவிவிட்டு வந்த கையால்தான் உங்களுக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான். இருந்தாலும் சொல்கிறேன்.

அவர் லேத்தில் வேலை செய்தார். என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணாத்தே என்பேன், அவர் என்னை நைனா என்பார். அந்தக் கேட்டில் என் கை படாமல் வெளியே போன ஒரே ஆள் அவர்தான்.

வரிசையில் அவர் முறை வருவதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்கும். கேட் பக்கத்தில் ஒரு இரும்பு மேஜை கிடக்கும். முதலில் அதன்மேல் சாப்பாட்டுக் கேரியரை வைப்பார். அடுக்கு அடுக்காகப் பிரித்து ஒவ்வொன்றையும் என் பக்கம் சாய்ப்பார், ஜவுளிக்கடைக்காரர் புடவையை விரித்துக் காட்டுகிற மாதிரி. பிறகு சட்டைப் பை. பிறகு பேண்ட் பைகள் இரண்டும் உள்துணி வெளியே தெரிய ஆட்டுக் காது மாதிரி தொங்கும். துண்டை உதறுவார். சைக்கிள் சீட்டைத் தூக்கிக் காட்டுவார். செருப்பைக் கழற்றி அடிப்பாகத்தைத் திருப்புவார். லேத்தில் சீவி விழுகிற பித்தளைச் சுருள் அதில் குத்திக்கொண்டு வந்திருந்தால், அதை நகத்தால் பிடுங்கி மேஜைமேல் வைப்பார். கடைசியாக இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி நிற்பார்.

நான் இரண்டு விரலை வெளிப்பக்கமாக லேசாக அசைப்பேன். 'சரி, போ' என்று அர்த்தம். கேட்டில் நிற்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அதைப் பார்த்த பிறகுதான் கையை இறக்குவார்.

பின்னால் நிற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"யோவ் பெருசு, கேட்ல இன்னா பொருட்காட்சியா போடற? ரயிலு பூடும்யா!"

"மோர்க்கொழம்ப மூடச் சொல்லு மாமே, வவுறு கூவுது!"

அவர் அவசரப்பட மாட்டார். "இர்றா. நானே காட்டிட்டா இவுரு தேட வேணாம் பாரு. தேடறதுதான்டா அசிங்கம்" என்பார்.

நானும் சிரித்திருக்கிறேன். முதலில் எனக்கு அது வேடிக்கையாகவும், வேலை மிச்சமாகவும் இருந்தது. அவரைத் தொட வேண்டியதில்லை, பார்த்தால் போதும். நல்ல மனிதர், ஒத்துழைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட வேலை செய்கிற ஒருவர் மகளுக்குக் குமணன்சாவடியில் கல்யாணம் நடந்தது. நாங்கள் இருவரும் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு வெளியே வருகிறோம். வாசலில் பெண்ணின் அப்பா எல்லோருக்கும் கும்பிடு போட்டு வழியனுப்பிக்கொண்டு நிற்கிறார். இவர் அவருக்கு நேராகப் போய் நின்று, தாம்பூலப் பையின் வாயை அகலமாகத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு தேங்காய், வெற்றிலை, பாக்கு. பெண்ணின் அப்பாவுக்குப் புரியவில்லை. எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது.

"தேங்கா அழுகலா? டேய், இவுருக்கு நல்லதா ஒண்ணு குடுங்கடா!"

"ஐயோ, அதுக்கில்லீங்க..."

"வாங்கிக்கோ அண்ணே, மனசுல வெச்சுகினு போவாத."

அவர் பையில் இரண்டு தேங்காயோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தோம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. "வாசல்ல ஆளு நின்னா கை தானா போவுது நைனா" என்றார். ஒரு தேங்காயை என்னிடம் தந்துவிட்டார். உங்கள் அம்மா அதில் சட்னி அரைத்தாள்.

சின்னவன் பிறந்தபோது நான் லீவில் இருந்தேன். என் இடத்தில் வேறு கேட்டிலிருந்து ஒரு ஆளைப் போட்டிருந்தார்கள். அவனுக்கு இவர் வழக்கம் தெரியாது. இவர் எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கையை விரித்து நின்றபோது, அவன் தன் வேலையைச் செய்தான். இடுப்பில் கை வைத்தான். அடுத்த நொடி அவன் சைக்கிள் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தான். சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடைசிவரை சாய்ந்தன. இவர் தள்ளிய கை தள்ளியபடியே நீட்டிக்கொண்டு நின்றாராம். அன்றைக்கே சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். யூனியன்காரர்கள் பேசித்தான் திரும்ப எடுத்தார்கள்.

லீவு முடிந்து நான் போனதும், அவரோடு லேத்தில் நிற்கிற ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இவர் முன்னால் பட்டாபிராம் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் இருந்தாராம். அங்கே ஒருநாள் அளவு பார்க்கிற கருவி ஒன்று காணாமல் போனது. இவர் மேல் சந்தேகம். கேட்டில் வைத்துப் பேண்டைக் கழற்றச் சொல்லி, உடம்பெல்லாம் தடவித் தேடியிருக்கிறார்கள். பெண்கள் ஷிப்ட் உள்ளே வருகிற நேரம் அது. இவரைத் தாண்டித்தான் எல்லாப் பெண்களும் போனார்கள். அந்தக் கருவி சூப்பர்வைசரின் மேஜை டிராயரிலேயே கிடந்தது. யாரும் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதை அவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. "ஏன் அண்ணாத்தே தள்னீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். தன் வலது கையை யாருடையதோ மாதிரி திருப்பிப் பார்த்தார். "நான் போவச் சொல்லல நைனா. அதுவா பூட்ச்சி" என்றார்.

அன்றிலிருந்து அவர் கேரியரைப் பிரிக்கும்போது என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பட்டறை கேட்டில் நின்றவனை எனக்குத் தெரியாது. அவன் போட்டிருந்த காக்கியைத்தான் நானும் போட்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பட்டாபிராமில் நம் வீட்டுக்கு வந்தார். உங்களுக்குக் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார். சாப்பிட்டார், பேசினார், உங்களைத் தோளில் தூக்கினார். கிளம்பும்போது வாசலில் வழியனுப்ப நின்ற அம்மாவுக்கு நேராகத் தன் பையைத் திறந்து பிடித்தார். ஏதோ தரத்தான் திறக்கிறார் என்று நினைத்து அம்மா கையை நீட்டிவிட்டாள். உள்ளே ஒரு துண்டும் குடையும்தான் இருந்தன. அவளுக்குப் புரிந்ததும் கையைச் சுடுசட்டியில் பட்டது மாதிரி இழுத்துக்கொண்டாள்.

"இன்னாண்ணே இது? நம்ம ஊட்ல போயி!"

அவர் பையைச் சட்டென்று மூடினார். "பழக்கம்மா. தப்பா நெனச்சுக்காத."

அவர் தெரு முனை திரும்பியதும் அம்மா என்னிடம் திரும்பினாள்.

"தெனம் அவுர இப்டித்தான் நிக்க வெச்சுகினு கீறியா?"

"நான் எங்க நிக்க வெச்சேன்? அவுரே நிக்கிறாரு."

"அது இன்னும் மோசம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவருக்கு ஒரே மகள். மனைவி முன்பே போய்விட்டாள். மகள் நர்ஸ் படிப்புப் படித்து, மஸ்கட்டில் வேலை கிடைத்து, அங்கேயே ஒரு நல்ல பையனைக் கட்டிக்கொண்டது. அது உண்டாகியிருக்கிறது என்று தகவல் வந்தது. மாப்பிள்ளைக்கும் அம்மா இல்லை. 'அப்பா, நீ வந்து கூட இரு' என்று மகள் டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் ஏற்பாடு செய்துவிட்டது. பிரசவம் பார்க்க அப்பன் ஏரோப்ளேனில் போகிற கதையை ஆவடி பக்கம் யாரும் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கேட்டில் அதையே சொல்லிக் கலாய்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேட்டுக் கேட்டு, சுக்கு, ஓமம், திப்பிலி வாங்கித் தானே வறுத்து இடித்தார். பால் ஊறுவதற்கென்று பால்சுறா கருவாடு தேடி வாங்கினார்.

பிறகு நம் வீட்டுக்கு வந்தார்.

"நைனா, நீ செக்கிங்காரன். ஏர்போர்ட்டு செக்கிங்கு எப்டி இருக்கும், சொல்லு."

நான் ஏர்போர்ட்டை பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி. டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த உங்கள் தாய்மாமனைக் கூப்பிட்டனுப்பினேன். மீனம்பாக்கத்துக்கு அடிக்கடி சவாரி போகிறவன். அவன் வந்து டீ டம்ளரோடு தரையில் உட்கார்ந்து விளக்கினான்.

"கதவு மாதிரி ஒண்ணு நிக்கும். கதவு இருக்காது, நெல மட்டும். அதுல பூந்து போவணும். ஒடம்புல இரும்பு, பித்தள, வெள்ளி இன்னா இருந்தாலும் கீ-னு கத்தும்."

"அரணாக்கவுறு வெள்ளி. கத்துமா?"

"கத்தும்."

"அவுத்துடறேன். உள்ளங்கையில இரும்புப் பொடி ஒண்ணு பூந்துகினு கீது, ரொம்ப வருசமா. அது?"

"அது கத்தாது அண்ணே. கத்தினா இன்னா, கைய கயட்டியா குடுப்பீங்க?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். கசகசாவைப் பற்றியும் தாய்மாமன்தான் சொன்னான். அந்த ஊரில் கசகசா கொண்டுபோனால் ஜெயிலாம். நம் வீட்டில் குருமாவுக்குப் போடுகிற சாமான், அங்கே அபின் சாமான். இவர் மசாலாப் பொடியில் அதையும் சேர்த்து அரைத்து வைத்திருந்தார். "நல்லவேள சொன்ன. திரும்ப அரச்சிடறேன்" என்றார்.

"அப்பால?"

"அப்பால ஒண்ணியும் இல்ல. ஒரு சின்னப் பலக மேல ஏறி நிக்கச் சொல்வான். மேலேந்து கீழ தடவுவான். முடிஞ்சுது, போயிகினே இருக்கலாம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானே எல்லாத்தியும் எடுத்துக் காட்டிட்டாக்கூடவா?"

"நீங்க கோமணத்தோட போய் நின்னாக்கூடத் தடவுவான் அண்ணே. அவன் டூட்டி அது."

தாய்மாமன் போன பிறகு அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "நான் போவல. அங்கயே ஆயா யாரனா வெச்சுக்கட்டும்."

"இன்னா பேசற அண்ணே? தாயில்லாப் பொண்ணு, உன்ன நம்பிகினு கீது!"

"என் கை இன்னா செய்யும்னு எனக்கே தெரியாதும்மா. அங்க ஒர்த்தன தள்ளிட்டேன்னு வெச்சுக்க. போலீசு. உள்ள வெச்சுடுவான். அப்பால அது ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சி யார் மூஞ்சியப் பாக்கும்?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கையால் இந்த மனிதருக்குச் செய்ய ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

அவரே எழுந்தார். நம் வாசல் நிலைக்குள் போய் நின்று கையை விரித்தார்.

"நைனா, நீ தொடு. வெளியாளு மொதல்ல தொட்டா தாங்க மாட்டேன். நீ தொட்டுப் பழக்கி வுடு."

உங்களுக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. ஓடி வந்து நிலைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தன் நின்றுகொண்டு 'கீ! கீ!' என்று கத்தினீர்கள்.

"இன்னும் இன்னாடா கீது எங்கிட்ட?"

"வாயில! வாயில!" என்றாள் பெரியவள்.

அவர் உடனே வாயைத் திறந்து காட்டினார். உங்களுக்கு ஒரே சிரிப்பு. நான் தரையைப் பார்த்தேன். குழந்தைகள் கேட்டாலும் திறந்து காட்டுகிறார்.

நான் தொட்டேன். இத்தனை வருஷம் கேட்டில் நின்ற கை. அதற்கு மெதுவாகத் தொடத் தெரியாது. தோளில் பட்டு விலாவுக்கு இறங்குவதற்குள் அவர் உடம்பு கட்டையாகிவிட்டது. என் மணிக்கட்டில் அவர் பிடி விழுந்தது. இரும்பைத் திருகுகிற விரல்கள். நீங்கள் இருவரும் கத்துவதை நிறுத்திவிட்டீர்கள். அவர் மூச்சு வாங்கினார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விட்டார்.

"இன்னொரு தபா" என்றார்.

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்தார். என்னைப் பிடிக்கப் பாய்கிற தன் கையை அடக்க அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நான் தடவ ஆரம்பித்ததும், கண்ணை மூடிக்கொண்டு மகளுக்குக் கொண்டுபோகிற சாமான்களை வாய்க்குள் சொல்லுவார். "சுக்கு, ஓமம், திப்பிலி, பூண்டு, பால்சுறா, வசம்பு..." நான் கணுக்கால் வரை வந்து நிமிர்வதற்குள் பட்டியல் முடிந்துவிடும். என் விரலுக்குக் கீழே அவர் விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரியும். ஒரு மனிதனின் விலாவை இப்படி எண்ணுகிற மாதிரி தடவத்தான் எனக்குச் சம்பளம் என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. வீட்டுக்குள், நீங்கள் பார்க்க, உங்கள் அம்மா பார்க்க. என் வேலையை நீங்கள் நேரில் பார்த்தது அந்த ஞாயிறுகளில் மட்டும்தான். நீங்கள் சிரித்தீர்கள். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை.

கடைசி ஞாயிறு அன்று அவர் கை அசையவே இல்லை. "போதும் நைனா. தாண்டிடுவேன்" என்றார்.

கிளம்புகிற நாள் மத்தியானம், தாய்மாமன் டாக்சியில்தான் போனோம். அவர் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அரைஞாண் கயிற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டார். செருப்பு புதுசு, பித்தளைச் சுருள் பட்டதே இல்லை. வழியெல்லாம் அவர் உதடு சுக்கு, ஓமம் என்று அசைந்துகொண்டிருந்தது. தாய்மாமன் டாக்சியிலேயே இருந்துகொண்டான். பார்வையாளர் சீட்டு வாங்கினால் கண்ணாடித் தடுப்பு வரை போகலாம் என்றார்கள். வாங்கிக்கொண்டு போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கைப்பெட்டியோடு வரிசையில் நின்றார். பேச்சு எதுவும் எனக்குக் கேட்காது, பார்க்க மட்டும்தான் முடியும்.

அவர் முறை வருவதற்கு முன்பே பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டார். முன்னால் நின்ற பெண்மணி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். பால்சுறா. பின்னால் நின்றவர்கள் ஆளாளுக்கு விலகினார்கள். இளவயது போலீஸ்காரர் ஒருவர் வேகமாக வந்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் 'மூடு, மூடு' என்று காட்டினார். இவரோ கருவாட்டுப் பொட்டலத்தின் அடுத்த காகிதத்தைப் பிரித்தார். அந்தப் போலீஸ்காரரே குனிந்து பெட்டியை மூடி, மேலே உட்காராத குறையாக அமுக்கினார். பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அந்த நிலை. அவர் அதற்குள் நுழைந்தார். கத்தியதா இல்லையா, எனக்குக் கேட்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பலகைமேல் ஏறினார். யாரும் சொல்வதற்கு முன்பே கையை விரித்தார். போலீஸ்காரர் தோளில் கை வைத்தார். நான் கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டேன். அவருடைய வலது கை விரல்கள் மடங்கின. என் மணிக்கட்டில் அந்தப் பிடி மறுபடி விழுந்த மாதிரி இருந்தது. அவர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. சுக்கு. ஓமம். திப்பிலி. போலீஸ்காரர் கை விலாவில் இறங்கியது, இடுப்பைத் தாண்டியது, கணுக்காலுக்குப் போனது. மடங்கிய விரல்கள் மெல்ல விரிந்தன. அவ்வளவுதான். போலீஸ்காரர் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

தாண்டிவிட்டார். இனி மகள் கண் விழித்தால் இவர் முகத்தைப் பார்க்கும்.

கண்ணாடி ஓரமாக ஒரு கூட்டமே நின்று உள்ளே போகிறவர்களுக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்களும் திரும்பித் திரும்பிக் கை ஆட்டினார்கள். நானும் கையைத் தூக்கினேன். அவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். பெட்டியைக் கீழே வைத்தார். கை ஆட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தோள்பையைக் கழற்றி, வாயை அகலமாகத் திறந்து, எனக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார்.

பக்கத்தில் நின்ற ஒருவர் என் தோளைத் தட்டினார். "இன்னா சார், எதுனா உட்டுட்டு பூட்டாரா? பையக் காட்டிகினு நிக்கிறாரே?"

"இல்ல. ஒண்ணியும் இல்ல" என்றேன்.

அவர் நின்றுகொண்டே இருந்தார். ஆட்கள் அவர்மேல் இடித்துக்கொண்டு போனார்கள். நான் இன்னும் வேகமாகக் கை ஆட்டினேன். போய் வாருங்கள், நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று வாய்விட்டே சொன்னேன். அவருக்குக் கேட்காது. பை திறந்தபடியே இருந்தது. அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. செய்ய மனம் வரவில்லை. செய்யாவிட்டால் அவர் அங்கேயே நிற்பார்.

இரண்டு விரலை வெளிப்பக்கமாக அசைத்தேன்.

அவர் பையை மூடினார். திருப்தியாகத் தலையாட்டினார். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பேத்தி பிறந்தது. பல மாதம் அங்கே இருந்துவிட்டு வந்து, வேலையிலிருந்து நின்றுகொண்டார். உங்களுக்கு ஈச்சம்பழ டப்பா கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். பிறகு செம்பரம்பாக்கம் பக்கம் குடிபோய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். தேடிப் போக நினைத்ததுண்டு. கிளம்பும்போது வாசலில் அவர் எப்படி நிற்பார் என்பதை நினைத்துப் போகாமலே இருந்துவிட்டேன்.

ஏர்போர்ட்டுக்குப் போய் வந்த மறுநாள் எனக்குக் காலை டூட்டி. சைரன் ஊத நேரம் இருந்தது. கேட்டில் யாரும் இல்லை. எஸ்டேட் ரோட்டில் ஒரு பால்காரர் போனார், அவ்வளவுதான்.

அந்த இரும்பு மேஜைமேல் என் கேரியரை வைத்துத் திறந்தேன். உங்கள் அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் இருந்தன. காக்கிச் சட்டைப் பையை இழுத்துவிட்டேன். சீப்பு, ரயில் பாஸ், வீட்டுச் சாவி, எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். பேண்ட் பைகளை வெளியே இழுத்துத் தொங்கவிட்டேன். ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தேன். அடிப்பாகத்தில் ஒரு பித்தளைச் சுருள் குத்தியிருந்தது. பிடுங்கி மேஜைமேல் வைத்தேன்.

பிறகு நான் தினமும் நிற்கிற இடத்துக்கு எதிர்ப் பக்கம் போய், கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

தோள் வலிக்க ஆரம்பித்தது. இறக்கலாம் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.